மென்பொருள் உரிமம்: விலை வேறு, அனுமதி வேறு

"நெட்டில் சும்மா கிடைக்கிறது, எடுத்துக்கொண்டால் என்ன?" என்று கேட்பவர்கள் ஒரு பக்கம். "ஜி.பி.எல். என்ற உரிமம் போட்டிருந்தால் தொடவே தொடாதே, உன் நிரலையெல்லாம் ஊருக்கே கொடுக்க வேண்டிவரும்" என்று பயமுறுத்துபவர்கள் இன்னொரு பக்கம். மென்பொருள் உரிமம் பற்றிய பேச்சு பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஓடுகிறது. இரண்டுமே சரியில்லை. இதில் அடிபடுவது பெரிய நிறுவனங்கள் மட்டுமல்ல. முதல் செயலியை எழுதிப் பார்க்கும் மாணவரும், தனியாளாக ஒரு சின்ன இணையதளம் நடத்துகிறவரும்கூட மாட்டிக்கொள்கிறார்கள்.

எனக்கு இதில் ஓர் ஆதங்கம் உண்டு. ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்ற ஒரே சொல் காசில்லாததையும் குறிக்கும், கட்டுப்பாடில்லாததையும் குறிக்கும். அந்தக் குழப்பத்தைத் தீர்க்க அவர்கள் பக்கம் பக்கமாக விளக்கம் எழுத வேண்டியிருந்தது. தமிழில் அந்தச் சிரமமே இல்லை. 'இலவசம்' என்று ஒரு சொல், 'கட்டற்ற' என்று இன்னொரு சொல். இரண்டையும் கையில் வைத்துக்கொண்டே நாம் குழப்பிக்கொள்கிறோம். இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள் கட்டுகள் நிறைந்ததாக இருக்கலாம். காசு கொடுத்து வாங்கியது கட்டற்றதாக இருக்கலாம். விலை என்ன என்பது ஒரு கேள்வி. அதை வைத்து என்னவெல்லாம் செய்யலாம் என்பது வேறு கேள்வி. உரிமம் பதில் சொல்வது இந்த இரண்டாவது கேள்விக்கு.

## எழுதிய நொடியிலேயே பூட்டு

முதலில் அடிப்படை. நீங்கள் ஒரு கதை எழுதுகிறீர்கள். எங்கும் பதிவு செய்யவில்லை, எந்த முத்திரையும் குத்தவில்லை. அப்போதும் அது உங்களுடையது. உங்கள் அனுமதி இல்லாமல் வேறொருவர் அதை அச்சடித்து விற்க முடியாது. எழுதியவருக்குத் தானாகவே கிடைக்கும் இந்த உரிமைக்குப் பெயர் பதிப்புரிமை. 1886-இல் உருவான பெர்ன் உடன்படிக்கையில் இன்று 180-க்கும் மேற்பட்ட நாடுகள் இருக்கின்றன. பதிப்புரிமை கிடைக்க எந்தச் சடங்கும் தேவையில்லை என்பது அதன் முக்கியமான விதிகளில் ஒன்று. அமெரிக்கா வெகுகாலம் வெளியே இருந்தது, 1989-இல்தான் சேர்ந்தது. அதுவரை அங்கே வட்டத்துக்குள் 'சி' எழுத்துப் போடாவிட்டால் உரிமையே போய்விடும் ஆபத்து இருந்தது. "அந்தக் குறி இல்லையே, அப்போது எடுத்துக்கொள்ளலாம்" என்ற நம்பிக்கை அந்தக் காலத்தின் மிச்சம்.

கணினி நிரலும் கதையும் ஒன்றா? சட்டத்தின் கண்ணில் ஏறக்குறைய ஒன்றுதான். 1995-இல் நடைமுறைக்கு வந்த, அறிவுசார் சொத்து பற்றிய டிரிப்ஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தம், நிரல்களை இலக்கியப் படைப்புகளைப் போலவே பாதுகாக்க வேண்டும் என்று சொல்கிறது.

இதிலிருந்து வரும் முடிவு பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும். இணையத்தில் ஒருவர் தன் நிரலைப் போட்டிருக்கிறார். உரிமம் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. அப்படியானால் அது பொதுச்சொத்து அல்ல. முழுக்கப் பூட்டியது. படிக்கலாம், அவ்வளவுதான்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். புகைப்படக் கோப்புகளுக்கு எடுத்த தேதியைப் பெயராக வைக்கும் சின்ன நிரல் ஒன்றை எழுதி, யாருக்காவது உதவட்டும் என்று இணையத்தில் போட்டேன். சில மாதம் கழித்து ஒருவர் மின்னஞ்சல் அனுப்பினார்: "நன்றாக வேலை செய்கிறது. ஆனால் உரிமம் எதுவும் போடவில்லையே, எங்கள் அலுவலகத்தில் பயன்படுத்த விடமாட்டேன் என்கிறார்கள்." எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. போட்டதே கொடுத்ததற்குச் சமம் என்றுதான் நினைத்திருந்தேன். உண்மையில் நான் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, "எடுத்துக்கொள்ளுங்கள்" என்று வாயால்கூடச் சொல்லாமல் வந்திருக்கிறேன்.

இதுவரை பார்த்தது இதுதான்: பதிப்புரிமை தானாக வருகிறது. உரிமம் இல்லாத நிரல் பூட்டிய நிரல்.

## புத்தகம் வாங்குவதும் மென்பொருள் வாங்குவதும்

கடையில் ஒரு புத்தகம் வாங்கினால் அந்தப் பிரதி உங்களுடையது. படிக்கலாம், நண்பருக்குக் கொடுக்கலாம், பழைய புத்தகக் கடையில் போடலாம். நூறு பிரதி எடுத்து விற்க மட்டும் முடியாது. பிரதி வேறு, படைப்பு வேறு. இதுவரை யாருக்கும் குழப்பமில்லை.

மென்பொருளில் இந்த உவமை ஓரிடத்தில் உடைகிறது. புத்தகத்தைப் படிக்க அதை நகலெடுக்க வேண்டியதில்லை. நிரலை இயக்க வேண்டுமென்றால் நகலெடுத்தே ஆகவேண்டும்: இணையத்திலிருந்து வட்டுக்கு ஒரு நகல், ஒவ்வொரு முறை இயக்கும்போதும் வட்டிலிருந்து நினைவகத்துக்கு இன்னொரு நகல். நகலெடுக்கும் உரிமை பதிப்புரிமைக்காரரிடம் இருப்பதால், வெறுமனே பயன்படுத்துவதற்கும் அவர் தலையசைக்க வேண்டியிருக்கிறது. வாங்கிய பிரதியை இயக்கத் தேவையான நகலைச் சில நாடுகளின் சட்டம் விலக்கி வைத்திருக்கிறது. ஆனால் நிறுவனங்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கின்றன: "நாங்கள் விற்கவே இல்லை, பயன்படுத்த அனுமதிதான் கொடுத்திருக்கிறோம்." நிறுவும்போது நாம் படிக்காமல் 'ஏற்கிறேன்' என்று அழுத்தும் அந்த நீண்ட உரையில் இருப்பது இதுதான்.

ஆக, உரிமம் என்றால் அனுமதிச் சீட்டு. பதிப்புரிமைக்காரர் சொல்கிறார்: "இந்தப் பூட்டு என்னுடையது. இன்னின்ன கதவை உனக்குத் திறக்கிறேன், இன்னின்ன நிபந்தனைப்படி."

விற்றதா, அனுமதித்ததா என்ற கேள்விக்கு உலகம் முழுக்க ஒரே பதில் கிடையாது. ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளின் பழைய பிரதிகளை ஒருவர் ஏலத் தளத்தில் விற்றபோது, 2010-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், அவருக்கு அவற்றை விற்றவரே உரிமையாளர் அல்ல, உரிமம் பெற்றவர் மட்டுமே, அதனால் இவரும் உரிமையாளர் ஆகமாட்டார் என்றது. 2012-இல் ஐரோப்பிய நீதிமன்றம் ஆரக்கிள் என்ற மென்பொருள் நிறுவனம் சம்பந்தப்பட்ட வழக்கில் எதிர்ப்பக்கம் நின்றது: காலவரம்பில்லாத உரிமத்தை மொத்தப் பணமும் வாங்கிக்கொண்டு கொடுத்தால் அது விற்பனைதான், வாங்கியவர் தன் பிரதியை அழித்துவிட்டு மறுவிற்பனை செய்யலாம். எனக்கு இரண்டாவதுதான் நியாயமாகப் படுகிறது. ஆனால் மாதச் சந்தா முறை வந்தபிறகு மறுவிற்பனை செய்யக் கையில் எதுவும் மிஞ்சுவதில்லை.

## பதிப்புரிமை, காப்புரிமை, வணிகக்குறி

செய்திகளில் எதற்கெடுத்தாலும் 'காப்புரிமை' என்று எழுதிவிடுகிறார்கள். மூன்றும் வேறு வேறு.

பதிப்புரிமை காப்பது எழுதிய வடிவத்தை. காப்புரிமை காப்பது ஒரு கண்டுபிடிப்பை, அதாவது ஒரு வேலையைச் செய்யும் புதிய வழியை. அதற்கு விண்ணப்பித்து, பரிசோதித்து வாங்க வேண்டும். பொதுவாக 20 ஆண்டுதான் ஆயுள். வணிகக்குறி காப்பது பெயரையும் சின்னத்தையும்.

ஃபயர்பாக்ஸ் உலாவியை எடுத்துக்கொண்டால் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். அதன் நிரல் கட்டற்றது. யாரும் எடுத்து மாற்றலாம். லினக்ஸ் என்பது ஒரு கட்டற்ற இயங்குதளம். டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பும் ஃபயர்பாக்ஸைத் தன் தேவைக்கு மாற்றி வெளியிட்டு வந்தது. 2006-இல் ஃபயர்பாக்ஸை உருவாக்கும் மொசில்லா, "ஃபயர்பாக்ஸ் என்ற பெயர் வேண்டுமென்றால் எங்கள் சின்னத்தையும் சேர்க்க வேண்டும், மாற்றங்களுக்கு எங்கள் ஒப்புதலும் வேண்டும்" என்றது. சின்னப் படத்தின் உரிமமோ டெபியனின் விதிகளுக்கு ஒத்துவரவில்லை. விளைவு, அதே நிரல் 'ஐஸ்வீசல்' என்ற வேறு பெயரில் 10 ஆண்டு உலாவியது. 2016-இல் சமாதானமாகிப் பழைய பெயர் திரும்பியது. நிரலின் கதவு திறந்தே கிடந்தது, பெயரின் கதவு மட்டும் பூட்டியிருந்தது.

## ஓர் உரிமத்தை உட்கார்ந்து படிப்போம்

'உரிமம்' என்றதும் யாருக்கும் புரியாத வழக்கறிஞர் மொழி என்று ஒதுங்கிப்போகிறோம். எம்.ஐ.டி. என்ற அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் பெயர் கொண்ட எம்.ஐ.டி. உரிமத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள். ஆங்கிலத்தில் மொத்தமே ஏறத்தாழ 170 சொல்தான், ஐந்து நிமிட வேலை.

முதல் வரியில் ஆண்டும் உரிமையாளர் பெயரும். பூட்டு யாருடையது என்று சொல்லியாகிவிட்டது. அடுத்த பத்தி அனுமதி: இந்த நிரலின் பிரதி யார் கையில் கிடைத்தாலும், அவர் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம், நகலெடுக்கலாம், மாற்றலாம், வேறொன்றோடு சேர்க்கலாம், வெளியிடலாம், விநியோகிக்கலாம், துணை உரிமம் கொடுக்கலாம், விற்கக்கூடச் செய்யலாம். ஒவ்வொரு வினையாக அடுக்கியிருப்பதற்குக் காரணம் உண்டு. பதிப்புரிமை ஒரே ஒரு பூட்டு அல்ல, ஒரு கொத்து. ஒவ்வொரு பூட்டையும் பெயர் சொல்லித் திறக்கிறார்கள்.

அடுத்து ஒரே ஒரு நிபந்தனை: இந்த உரிமைக் குறிப்பையும் அனுமதிக் குறிப்பையும் எல்லாப் பிரதிகளிலும் வைத்திருக்க வேண்டும். கடைசியாக, பெரிய எழுத்தில் ஒரு பத்தி: உள்ளது உள்ளபடி தருகிறேன், எந்த உத்தரவாதமும் இல்லை, இதனால் ஏதும் கெட்டால் என்னைக் கேட்காதே.

அவ்வளவுதான். பி.எஸ்.டி. உரிமங்களும் இதே சாயல்தான். அப்பாச்சி 2.0 உரிமம் இவற்றைவிட நீளம். அதற்கு முக்கியமான காரணம், நிரலை எழுதியவரிடம் அது சம்பந்தமான காப்புரிமை இருந்தால் அதையும் பயன்படுத்தும் அனுமதியை அது வெளிப்படையாகத் தருகிறது. பெரிய நிறுவனங்களுக்கு அது பிடித்துப்போக இதுவே போதும். இந்த வகை முழுவதையும் 'தாராள உரிமங்கள்' என்று சொல்லலாம்.

அந்த ஒற்றை நிபந்தனையைக் கண்ணால் பார்க்க வேண்டுமா? உங்கள் கைபேசியின் அமைப்புகளுக்குள் 'கைபேசி பற்றி' என்ற பகுதியைத் திறந்து, சட்டத் தகவல் என்று இருப்பதை அழுத்துங்கள். விரலால் தள்ளத் தள்ள முடியாமல் ஓடும் ஒரு பட்டியல் வரும்: நூற்றுக்கணக்கான கோப்புகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் உரிமம், நடுநடுவே பெயர்களும் ஆண்டுகளும். 1980-களின் ஆண்டுகள்கூடக் கண்ணில் படலாம். எவரோ எழுதிக் கொடுத்த நிரல்கள் உங்கள் சட்டைப் பைக்குள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவர்கள் கேட்ட ஒரே கூலி, பெயரை அழிக்காதே என்பதுதான். அந்தப் பட்டியலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு நெகிழும்.

## ஜி.பி.எல்.: வாங்கியதைப் பூட்டாதே

தாராள உரிமத்தில் ஒரு விளைவு உண்டு. நான் திறந்து கொடுத்ததை நீங்கள் எடுத்து, மாற்றி, பூட்டி விற்கலாம். உங்களிடம் வாங்குபவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. "இது கூடாது" என்று நினைத்தவர் ரிச்சர்ட் ஸ்டால்மன். 1980 வாக்கில் அவர் வேலை பார்த்த எம்.ஐ.டி. ஆய்வகத்துக்கு ஒரு ஜெராக்ஸ் லேசர் அச்சுப்பொறி வந்தது. பழைய அச்சுப்பொறியில் தாள் சிக்கினால் எல்லோருக்கும் செய்தி போகும்படி அவர் நிரலை மாற்றி வைத்திருந்தார். புதியதில் அது முடியவில்லை. அதன் மூலநிரல் கிடைக்கவில்லை. மூலநிரல் என்றால் மனிதர் எழுதிய, மனிதர் படிக்கக்கூடிய வடிவம். நம் கணினியில் ஓடுவது அதை இயந்திர மொழிக்கு மாற்றிய வடிவம். அதைப் படித்து மாற்றுவது மிகக் கடினம். வேறொரு பல்கலைக்கழகத்தில் அந்த மூலநிரல் இருந்தவரிடம் நேரில் போய்க் கேட்டும், ரகசிய ஒப்பந்தத்தைக் காட்டி மறுத்துவிட்டார். 1983-இல், கட்டற்ற இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் குனு திட்டத்தை அறிவித்தார் ஸ்டால்மன். 1989-இல் பொது உரிமமான ஜி.பி.எல். வந்தது. இன்று அதிகம் பேசப்படும் 2-ஆம் பதிப்பு 1991, 3-ஆம் பதிப்பு 2007.

அதன் உத்தி அழகானது. பதிப்புரிமையை ஒழிக்கவில்லை, பதிப்புரிமையையே பிடிமானமாக வைத்து எதிர்த்திசையில் இழுக்கிறது. "எடுத்துக்கொள், மாற்று, விற்றுக்கொள். ஆனால் நீ யாருக்காவது கொடுத்தால், உனக்கு நான் கொடுத்த அதே சுதந்திரத்தோடு, மூலநிரலோடு கொடு." இந்த வகைக்கு 'அளிப்புரிமை' என்று பெயர்.

இங்கே நான்கு இடங்களில் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள்.

விற்கக்கூடாது என்பது முதல் தவறு. தாராளமாக விற்கலாம். ஸ்டால்மனே ஈமாக்ஸ் என்ற உரை எழுதும் நிரலை நாடாவில் பதிந்து 150 டாலருக்கு விற்றுத்தான் ஒரு காலத்தில் பிழைத்தார். வேடிக்கை என்னவென்றால், லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் அதற்கு முதலில் போட்ட உரிமம்தான் காசு வாங்கக்கூடாது என்றது. 1992-இல் ஜி.பி.எல்.லுக்கு மாற்றினார்.

பயன்படுத்தினாலே மூலநிரலைத் தரவேண்டும் என்பது இரண்டாவது தவறு. நிபந்தனை விழிப்பது நீங்கள் பிரதியை வேறொருவருக்குக் கொடுக்கும்போது. உங்கள் நிறுவனத்துக்குள் மாற்றிப் பயன்படுத்திக்கொண்டே காலம் தள்ளலாம். யாரும் கேட்க முடியாது. இதில் ஓர் ஓட்டை இருக்கிறது: நிரலை உங்கள் சர்வரில் ஓட்டி, இணையம் வழியாகச் சேவையாக மட்டும் கொடுத்தால் பிரதி கை மாறுவதில்லை. அந்த ஓட்டையை அடைக்க வந்ததுதான் ஏ.ஜி.பி.எல். என்ற உரிமம்; அங்கே வலைவழியாகப் பயன்படுத்துபவருக்கும் மூலநிரல் கேட்கும் உரிமை உண்டு.

அந்த மென்பொருளில் செய்த வேலையும் ஜி.பி.எல். ஆகிவிடும் என்பது மூன்றாவது. ஆகாது. கட்டற்ற எழுது செயலியில் எழுதிய கடிதம் உங்கள் கடிதம். கட்டற்ற பட நிரலில் வரைந்த படம் உங்கள் படம்.

நான்காவதுதான் பெரிய பூச்சாண்டி: ஜி.பி.எல். நிரலில் பத்து வரி கலந்துவிட்டால் நம் நிரல் முழுவதும் தானாக ஜி.பி.எல். ஆகிவிடும் என்பது. தானாக எதுவும் ஆகாது. உங்கள் நிரலின் பதிப்புரிமை உங்களுடையதே. அனுமதியின் நிபந்தனையை மீறிப் பிறர் நிரலைக் கொடுத்துவிட்டீர்கள் என்பதுதான் நிலைமை. அதாவது பதிப்புரிமை மீறல். அதைச் சரிசெய்ய, அந்தப் பத்து வரியை எடுத்துவிட்டு நீங்களே எழுதலாம், விநியோகத்தை நிறுத்தலாம், அல்லது நிபந்தனைப்படி மூலநிரலைத் தரலாம். நடந்துபோன மீறலுக்கு நஷ்ட ஈடு கேட்கப்படலாம். ஆனால் எந்த வழி என்று முடிவெடுப்பது நீங்கள்.

நடந்த கதை ஒன்று. லிங்க்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூ.ஆர்.டி.54ஜி என்ற நீல நிற வைஃபை ரவுட்டர் சக்கைப்போடு போட்டது. அந்த நிறுவனத்தை சிஸ்கோ 2003-இல் ஏறத்தாழ 50 கோடி டாலருக்கு வாங்கியது. அதே ஆண்டு லினக்ஸ் ஆர்வலர்கள், அந்த ரவுட்டருக்குள் ஓடுவது லினக்ஸ் என்று கண்டுபிடித்தார்கள். மூலநிரலோ எங்கும் தரப்படவில்லை. வாங்கிய கம்பெனி எழுதியதல்ல அது. உள்ளே இருந்த சில்லுக்குச் சொந்தக்காரர் ஒருவர், அவருக்கு நிரல் எழுதிக் கொடுத்தவர் இன்னொருவர் என்று சங்கிலி நீண்டது. ஆனால் பெட்டியை விற்றவர் பொறுப்பு விலகாது. கடைசியில் மூலநிரல் வெளியானது. அதிலிருந்து 2004-இல் பிறந்ததுதான் ரவுட்டர்களுக்கான கட்டற்ற இயங்குதளமான ஓபன்டபிள்யூ.ஆர்.டி.; பெயரிலேயே அந்த ரவுட்டர் இருக்கிறது. இன்று பல நிறுவனங்களின் ரவுட்டர்களில் அது ஓடுகிறது. அப்புறம் சிஸ்கோவுக்கு நஷ்டமா? ஆர்வலர்கள் அந்த ரவுட்டரைத் தேடி வாங்கினார்கள். பிந்தைய பதிப்பில் லினக்ஸை எடுத்துவிட்டபோது, லினக்ஸ் உள்ள மாதிரியையே 'எல்' என்ற எழுத்தைச் சேர்த்துத் தனியாக விற்க வேண்டிவந்தது.

மறுபடி ஒருமுறை: தாராள உரிமம் பெயரை மட்டும் கேட்கிறது. அளிப்புரிமை உரிமம், பிரதியைக் கைமாற்றும்போது மூலநிரலையும் கேட்கிறது.

## காசே வாங்காதவர் வழக்குப் போடலாமா?

"சும்மா கொடுத்தவருக்கு என்ன நஷ்டம், என்ன கேட்டுவிட முடியும்?" என்று நியாயமாகவே சந்தேகம் வரும். இதற்குப் பதில் வந்தது ஒரு பொம்மை ரயிலிலிருந்து.

ஜேக்கப்சன் என்ற இயற்பியல் பேராசிரியர், மாதிரி ரயில்களைக் கணினியால் இயக்கும் கட்டற்ற மென்பொருளை மற்றவர்களோடு சேர்ந்து எழுதிவந்தார். அதிலிருந்து சில கோப்புகளை ஒரு வணிக நிறுவனம் எடுத்துத் தன் பொருளில் வைத்தது. எழுதியவர் பெயர்களும் உரிமைக் குறிப்பும் காணாமல் போயின. கீழ் நீதிமன்றம், இது அதிகபட்சம் ஒப்பந்த மீறல்தான் என்பதுபோல் பார்த்தது. ஒப்பந்த மீறல் என்றால் எவ்வளவு பணம் நஷ்டம் என்று காட்ட வேண்டும். காசே வாங்காதவர் எதைக் காட்டுவார்? 2008-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டிப்போட்டது. பெயரை வைத்திரு என்பது அனுமதியின் நிபந்தனை. நிபந்தனையை மீறினால் அனுமதியே இல்லை. அனுமதி இல்லாமல் நகலெடுத்தால் அது பதிப்புரிமை மீறல். பணம் கைமாறாவிட்டாலும் அங்கீகாரமும், திருத்தங்கள் திரும்பி வருவதும் பொருளாதார மதிப்புள்ளவைதான் என்றும் சொன்னது. பூட்டு, சாவி, நிபந்தனை என்று நாம் மேலே பார்த்த மொத்தக் கட்டுமானமும் இந்தத் தர்க்கத்தில்தான் நிற்கிறது.

## பார்த்து, நானே எழுதினால்?

பதிப்புரிமை காப்பது எழுதிய விதத்தை, எண்ணத்தை அல்ல. ஒரு கதையின் கருவை வைத்து நீங்கள் வேறு கதை எழுதலாம். மென்பொருளிலும் அப்படியே.

ஐ.பி.எம். கணினியைத் தொடங்கி வைக்கும் பயாஸ் என்ற நிரல் ஐ.பி.எம்.மின் பதிப்புரிமைக்கு உட்பட்டது. அதே சமயம் அதன் மூலநிரல் அவர்களுடைய கையேட்டிலேயே அச்சாகியிருந்தது. காம்பாக் நிறுவனம் ஆட்களை இரண்டு அணியாகப் பிரித்தது. ஓர் அணி அதைப் படித்து, என்ன கொடுத்தால் என்ன செய்கிறது என்று மட்டும் குறிப்பெடுத்தது. மூலநிரலைக் கண்ணாலும் பார்க்காத இன்னோர் அணி, அந்தக் குறிப்பை மட்டும் வைத்துப் புதிதாக எழுதியது. வேலை ஒன்றுதான், எழுத்து வேறு. 1982-இன் இறுதியில் காம்பாக்கின் கணினி அறிவிக்கப்பட்டது. மற்றவர்களும் இந்த வழியில் வர, அந்த வகைக் கணினியை எந்தக் கம்பெனியிடம் வாங்கினாலும் ஒரே மென்பொருள் ஓடும் நிலைமை பிறந்தது.

ஆரக்கிள், கூகுள் இடையே 2010-இல் தொடங்கிய வழக்கு இதன் எல்லையைத் தொட்டது. ஜாவா என்ற நிரல்மொழி ஆரக்கிள் கைக்கு வந்திருந்தது. ஆண்ட்ராய்டுக்காக கூகுள் ஜாவாவின் உட்புற நிரலைத் தானே எழுதியிருந்தது. ஆனால் நிரலர்கள் பழகிய பெயர்களும் அமைப்பும் அப்படியே இருக்கட்டும் என்று, ஒவ்வொரு வசதியையும் எப்படி அழைப்பது என்று அறிவிக்கும் வரிகளை நகலெடுத்தது; ஏறத்தாழ 11,500 வரி. 2021-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-க்கு 2 என்ற கணக்கில், இது நியாயமான பயன்பாடு என்றது. நியாயமான பயன்பாடு என்றால் அனுமதி கேட்காமலே சட்டம் பொறுத்துக்கொள்ளும் நகல். கவனிக்க வேண்டியது: அந்த வரிகளுக்குப் பதிப்புரிமை உண்டா இல்லையா என்ற கேள்விக்கு நீதிமன்றம் பதில் சொல்லவில்லை. "கூகுள் ஜெயித்தது, இனி எதையும் எடுக்கலாம்" என்று பேசுவது தவறு.

## கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியுமா?

2016 மார்ச்சில் ஒரு நிரலர், ஒரு பெயர்த் தகராறில் கோபித்துக்கொண்டு, தான் பொதுக் கிடங்கில் வைத்திருந்த நிரல்களையெல்லாம் நீக்கிவிட்டார். அதில் ஒன்று லெஃப்ட்பேட். ஓர் எழுத்துத் தொடரின் இடப்பக்கம் இடைவெளி சேர்க்கும் 11 வரி. அதைச் சார்ந்திருந்த ஆயிரக்கணக்கான திட்டங்கள் அன்று உடைந்தன. சில மணி நேரத்தில் அது மீண்டும் கிடங்குக்கு வந்தது, அவர் சம்மதம் இல்லாமலே. எப்படி? அவர் போட்டிருந்த உரிமம் யாரும் நகலெடுத்து வெளியிடலாம் என்றிருந்தது. வெளியிட்ட பதிப்புக்கு ஏற்கெனவே கொடுத்த அனுமதி நிற்கும்.

அடுத்த பதிப்பு வேறு விஷயம். முழுப் பதிப்புரிமையும் கையில் இருந்தால், இனிமேல் எழுதுவதை வேறு உரிமத்தில் வெளியிடலாம். சர்வர்களை அமைக்க உதவும் டெராஃபார்ம் என்ற மென்பொருள் 2023 ஆகஸ்டில் இறுக்கமான உரிமத்துக்குப் போனது. பழைய பதிப்பின் அனுமதியை வைத்து மற்றவர்கள் ஓபன்டோஃபு என்ற கிளையைத் தொடங்கிவிட்டார்கள். பலர் சேர்ந்து எழுதிய நிரல் என்றால் மாற்றம் லேசில்லை. வி.எல்.சி. காணொளி இயக்கியின் உரிமத்தைத் தளர்த்த, நூற்றுக்கும் மேற்பட்ட பங்களிப்பாளர்களை ஒவ்வொருவராகத் தேடிப்பிடித்துச் சம்மதம் வாங்கினார்கள்.

## அன்றாடக் கேள்விகள் சில

கணினியோடு வந்த இயங்குதளத்தைப் புதுக் கணினிக்கு மாற்றலாமா? அப்படி வரும் உரிமம் பெரும்பாலும் அந்த இயந்திரத்தோடு கட்டப்பட்டது. இயந்திரம் போனால் அதுவும் போகும். தனியாக வாங்கியது என்றால் பொதுவாக மாற்றலாம்.

கிராக் செய்த பதிப்பு? மீறல் என்பது ஒரு பக்கம். உங்கள் கணினியின் முழு அதிகாரத்தையும் முகம் தெரியாத ஒருவர் திருத்திய நிரலுக்குக் கொடுக்கிறீர்கள் என்பது அதைவிட உடனடியான ஆபத்து. அதே வேலைக்குக் கட்டற்ற மாற்று இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள், பெரும்பாலும் இருக்கும்.

'வணிகம் சாராத பயனுக்கு மட்டும்' என்று போட்டிருந்தால் அது கட்டற்றதா? இல்லை. மூலநிரல் கண்ணுக்குத் தெரிந்தாலும் அது கட்டற்ற மென்பொருளோ திறமூல (ஓப்பன் சோர்ஸ்) மென்பொருளோ ஆகாது. இரண்டு வரையறையுமே யார், எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று பாகுபாடு காட்டுவதை ஏற்பதில்லை.

மன்றங்களில் யாரோ பதிலாகப் போட்ட பத்து வரியை எடுக்கலாமா? அங்கும் உரிமம் உண்டு. பக்கத்தின் அடியில் பாருங்கள். இரண்டு மூன்று வரியில் படைப்பு என்று சொல்ல எதுவும் இல்லாமல் இருக்கலாம். நீண்டதாக இருந்தால் புரிந்துகொண்டு நீங்களே எழுதுவதுதான் நல்லது. அதற்குப் பயன் இன்னொன்றும் உண்டு: பிழை வந்தால் திருத்தத் தெரியும்.

உங்கள் சொந்த நிரலுக்கு எந்த உரிமம்? ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இதை ஒருவர் எடுத்துப் பூட்டி விற்றால் எனக்கு வருத்தமா? வருத்தமில்லை என்றால் எம்.ஐ.டி. அல்லது அப்பாச்சி. வருத்தம் என்றால் ஜி.பி.எல்.; சர்வரில் ஓடக்கூடியது என்றால் ஏ.ஜி.பி.எல். நீங்களே சொந்தமாக ஓர் உரிமம் எழுதாதீர்கள். நன்றாகப் படித்துப் பழகிய உரிமத்தை ஒரு நொடியில் ஏற்கும் நிறுவனம், உங்கள் நாலு வரியை வழக்கறிஞரிடம் அனுப்பிவைக்கும். வேலை பார்க்கும் இடத்தில் எழுதியது என்றால், அதன் பதிப்புரிமை உங்களுடையதா, நிறுவனத்துடையதா என்று பணி ஒப்பந்தத்தை முதலில் பாருங்கள்.

முடிவெடுத்தபின் வேலை சுலபம். உரிமத்தின் முழு உரையையும் 'லைசென்ஸ்' என்ற பெயரில் ஒரு கோப்பாக, நிரலின் முதல் அடைவிலேயே வைத்து, ஆண்டையும் உங்கள் பெயரையும் நிரப்ப வேண்டும். என் புகைப்பட நிரலுக்கு எம்.ஐ.டி. போட்டேன். மின்னஞ்சல் அனுப்பியவருக்கு அன்றைக்கே சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் அவரிடமிருந்து ஒரு திருத்தம் வந்தது: பிப்ரவரி 29-இல் எடுத்த படங்களுக்கு என் நிரல் தேதியைத் தப்பாகப் போட்டுக்கொண்டிருந்ததாம்.